கதவில் ஒட்டியிருந்த தாள்

ஒட்டகத்துக்கு நான் தர வேண்டிய பாக்கி எழுநூற்று முப்பது. ஒட்டகம் என்னோடு பழைய வீடுகளை இடிக்கிற வேலை பார்த்தவன். ஆள் நெட்டை, கழுத்து முன்னால் வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். காலையில் கைமாற்றாகக் கொடுத்தான். மத்தியானம் செத்துப்போனான்.

ஆறு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு ஒரு மாடி வீட்டுக்குப் போயிருந்தோம். மேலே ஒரு பச்சைக் கதவு. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவனுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தேன். மேஸ்திரி என்னைக் கொஞ்சம் மதித்ததே அதனால்தான். என்னடா போட்டிருக்கு என்று ஒட்டகம் கேட்டான். தாளை முறைத்துப் பார்த்துவிட்டு, பெயிண்ட் காயவில்லை, தொடாதே என்று போட்டிருக்கிறது என்றேன். இடிக்கப்போகிற வீட்டுக்கு எவன்டா பெயிண்ட் அடிப்பான் என்று சிரித்தான். சிரித்தாலும் என்னை நம்பினான். கையில் ஒட்டிவிடக் கூடாதென்று முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

பலகைத் தரை அவனோடு கீழே போனது.

தாளில் என்ன இருந்தது என்பதை மேஸ்திரி பிறகு படித்துச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் நான் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். நான் சொன்ன பொய்யை யாரிடமும் சொல்லவில்லை. அவன் பெண்சாதி முகத்தில் முழிக்கத் தைரியமில்லாமல் பணத்தையும் கொடுக்கவில்லை.

போன மாதம் என் அக்கா மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்தாள். பாழடைந்த வீட்டுக்குள் ஒருவன் போகிற கதை. மொத்தம் பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி. என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுத்தைத் தட்டினால் கதை நகரும். பழைய வீட்டு மாடிப்படி எப்படி இருக்கும், சுவர் எப்படி உதிரும் என்றெல்லாம் என்னிடம்தான் கேட்டு வரைந்தாள். கதவைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

போட்டிக்கு அனுப்புமுன் பன்னிரண்டு பேர் விளையாடிக் கருத்து சொல்ல வேண்டுமாம். பத்துப் பேர் பத்து நிமிஷத்தில் முடித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். அது அவளுக்குப் போதவில்லை.

"நீங்கதான் மாமா ஒரு எழுத்தையும் விடமாட்டீங்க. என்ன, நீங்க முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள்.

ஐந்து கேள்வி போட்ட தாளையும் கொடுத்தாள். கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. அதற்கு இரண்டே கோடு விட்டிருந்தாள். அதில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. அக்கா உள்ளே தூங்கினாள். மகள் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு மனசுக்குள் படிக்க வராது. விரலை வைத்து வாய்விட்டுத்தான் படிப்பேன். அப்படியே படித்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது படத்தில் மூக்கு அரித்தது. சுண்ணாம்புத் தூசி. அப்போதுதான் உடைத்த சுவரில் வருகிற வாடை; இத்தனை வருஷம் அதைத் தின்று வாழ்ந்தவன், எனக்குத் தெரியும். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் யாரும் எதையும் இடிக்கவில்லை.

ஐந்தாவது படம் மாடிப்படி. "படி கிறீச்சிடுகிறது" என்று எழுத்துக் கூட்டி முடித்தேன். தலைக்கு மேலே ஏதோ கிறீச்சிட்டது.

அக்கா வீட்டுக்கு மாடி கிடையாது.

ஏழாவது படத்தில் ஒரு பச்சைக் கதவு. அதில் ஒரு தாள்.

தாளில் எழுத்து இல்லை. கோணல்மாணலாக நாலு கோடு இழுத்திருந்தாள், அவ்வளவுதான். மற்றவர்கள் கதவைத் திற என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. எழுத்தைத் தேடித் தேடி, "தாளைப் படி" என்று தட்டினேன்.

பதில் வந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

கோடுகள் மெல்ல நெளிந்தன. எழுத்தாயின. என் விரல் தானாகப் போய் திரையில் நின்றது. வாய்விட்டுப் படித்தேன்.

"உள்ளே போகாதே. தரை உளுத்திருக்கிறது."

படத்தின் ஓரத்தில், மடித்துவிட்ட சட்டைக் கையும் ஒரு முழங்கையும் தெரிந்தன. முன்னால் அவை அங்கே இல்லை.

"அன்னிக்கு வேற சொன்னே."

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். "தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

சுண்ணாம்பு வாடை ஏறிக்கொண்டே இருந்தது.

"சரி. உள்ளே வா."

கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

மகள் திரும்பி வந்ததும் கேள்வித் தாளை நீட்டினேன். எங்கே தடுமாறினீர்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும், கதவுகிட்ட என்று எழுதியிருந்தேன். விளையாடுகிறவர் தட்டுவதெல்லாம் தனியாகப் பதிவாகுமாம். அதை எடுத்துப் பார்த்தாள். தாளைப் படி என்பதற்கு அவள் வைத்திருந்த பதில், எழுத்து மங்கியிருக்கிறது என்பதுதான். வேறெதுவும் எழுதவில்லை என்றாள். அதற்குக் கீழே இன்னொரு வரி பதிவாகியிருந்தது.

"கதவைத் திறன்னு அடிச்சிருக்கீங்களே மாமா, அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

நான் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டாவது ஆள் கருத்து அனுப்பினான். கதவுக்குப் பின்னால் இரண்டு பேரை நிற்க வைத்தது நல்ல யோசனை என்று பாராட்டியிருந்தான். அவள் வரைந்தது வெறும் அறை. கிண்டல் பண்ணுகிறான் என்று சிரித்தாள். அந்த இருவரும் எப்படி இருந்தார்களாம் என்று கேட்டேன். படித்துக் காட்டினாள். ஒருவர் நெட்டை, கழுத்து வளைந்தவர். இன்னொருவர் எதையோ படிக்கிற மாதிரி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

மறுநாள் காலையில் எழுநூற்று முப்பதை எண்ணி எடுத்துக்கொண்டு ஒட்டகத்தின் பெண்சாதியைப் பார்க்கப் போனேன். தையல் மெஷினில் இருந்தாள். தாள், பெயிண்ட், பொய், எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம் நின்றது. பணத்தை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் அண்ணே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேசா கண்ணசந்தேன். அவரு வந்தாரு. அந்த எழுநூத்து முப்பதைக் கணக்குலேர்ந்து தள்ளிட்டேன், இனிமே கேக்காதேன்னுட்டாரு."

வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

"நீங்க உள்ள வந்துட்டீங்களாம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையில என்ன அண்ணே?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கையில் பச்சைப் பெயிண்ட்.

இன்னும் காயவில்லை.