இரண்டு விரல் இடைவெளி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள். பஞ்சுவின் கழுத்துப்பட்டை ஒரு துளை தளர்ந்திருந்தது. காலையில் அதை மாட்டிவிட்டுப் போனது அவள்தான். அதற்குப் பிறகு வீட்டில் ஆள் யாரும் இல்லை. நாய்க்கு எத்தனை அறிவு இருந்தாலும் தன் கழுத்துப்பட்டையைத் தானே அவிழ்த்து, அளவு பார்த்து, திரும்ப மாட்டிக்கொள்ளத் தெரியாது.

அவள் பழைய துளைக்கே இழுத்து மாட்டினாள். இன்னும் ஒரு துளை சேர்த்து இறுக்கினாள் என்றும் சொல்லலாம். பஞ்சு முனகவில்லை. வெள்ளை முடிக்குள்ளிருந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடைக்குப் போய் வாசல் கதவைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. தினமும் ஐந்தரை மணிக்கு அது அப்படித்தான் படுக்கும். யாருக்காகக் காத்திருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். காலையில் போனால் இரவுதான் வீடு. தான் தொடவே இல்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா நீ கொஞ்சம் இறுக்கமாத்தான் மாட்டுற. அவ ரெண்டு விரல் உள்ள விட்டுப் பார்த்துட்டுத்தான் மாட்டுவா" என்றார்.

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. கால்நடை மருத்துவமனையில் அவளுடைய வேலையே அதுதான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், எலி மருந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள், வாசலில் தடுப்புக் கதவு போடுங்கள், தொலைபேசி எண் மாறினால் எங்களிடம் சொல்லுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் வாய் வலிக்கச் சொல்கிறவள் அவள். அவளுக்கே பாடம். அதுவும் செத்துப்போய் நான்கு வருஷமான ஒருத்தியின் பாடம்.

அந்த ஒருத்தியை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்த அன்றே தெரு அவளுக்குச் சின்னவள் என்று பேர் வைத்துவிட்டது. போனவள் பெரியவள். பெரியவளுக்கு என்ன பெருமை என்கிறீர்கள்? மருத்துவமனைச் சுவரில் அவள் படம்கூட இருந்தது. மடியில் பஞ்சு, கழுத்துப்பட்டைக்குள் நுழைந்த இரண்டு விரல், கீழே 'பொறுப்புள்ள வளர்ப்பாளர்' என்ற எழுத்து. ஒவ்வொரு நாளும் சின்னவள் அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பதிவேடு பார்த்தாள். டாக்டரம்மா நல்ல மனசுக்காரி. ஆனால் பெரியவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மழையில் வெளியே ஓடிவிட்ட நாயைத் தேடிப் போய் வண்டியில் அடிபட்டுச் செத்தவளாம். நாயை வேறு யாரோ பிடித்துக்கொண்டுவந்து, சிப்பைப் பார்த்து, உரிமையாளரின் எண்ணுக்கு அழைத்தபோது சாலையோரத் தண்ணீரில் கிடந்த அவள் கைபேசிதான் அடித்ததாம். இந்தக் கதையை அவர் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

சிப் என்பது ஓர் அரிசி அளவுதான். தடித்த ஊசியால் பிடரித் தோலுக்கடியில் செலுத்திவிடுவார்கள். மேலே ஸ்கேனரைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டால் நாய் யாருடையது என்று தெரியும். அந்த மாதம் முழுக்க மருத்துவமனையில் பாதுகாப்பு மாதம். வந்த பிராணிகளுக்கெல்லாம் ஸ்கேனர் காட்டி விலாசத்தைச் சரிபார்த்தார்கள். திங்கட்கிழமை பஞ்சுவின் முறை. திரையில் பெரியவளின் பெயர் வந்தது.

மூன்று வருஷமாகச் சோறு வைப்பது யார்? கழிந்ததை அள்ளுவது யார்? காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? வீடு அவளுடையதாக ஆகவில்லை. வீட்டுக்காரரிலும் பாதிதான் அவளுக்குக் கிடைத்தது. இந்த நாயாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

பெயர் மாற்றும் படிவத்தில் பழைய உரிமையாளருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. 'இறந்துவிட்டார்' என்றால் இறப்புச் சான்றும் வீட்டாரின் கையெழுத்தும் வேண்டும். வீட்டுக்காரரிடம் போய் அந்தச் சான்றைக் கேட்டால் அவர் முகம் எப்படி வாடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. அது பெரியவளுக்கான முகம். அதனால் அவள் அன்றே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள்: 'உயிருடன் இருக்கிறார், சம்மதிக்கிறார்.' தடுப்பூசி அட்டையைப் பார்த்துப் பெரியவளின் கையெழுத்தைத் தானே போட்டாள். பழைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும். ஒரு வாரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் பெயர் மாறிவிடும். செத்த எண்ணிலிருந்து எங்கே மறுப்பு வரப்போகிறது?

புதன்கிழமை வந்தது.

மதியம், காத்திருப்பு அறையில் ஒரு பூனை விடாமல் கத்திக்கொண்டிருந்த நேரம். டெட்டால் வாசனையும் ஈர முடி வாசனையும் மின்விசிறிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன. கணினியில் பதில் என்று ஒரு வரி எழுந்தது. அவள் யாரும் பார்க்காமல் திரையைத் திருப்பிக்கொண்டு படித்தாள்.

'சம்மதமில்லை. பஞ்சுவுக்குப் பட்டை இறுக்கமாக இருக்கிறது.'

முதலில் வந்தது பயமில்லை, கோபம். வீட்டுக்காரர்தான். பெரியவளின் எண்ணை இத்தனை நாளும் உயிரோடு வைத்திருக்கிறார். கழற்றி மாட்டியதும் அவர்தான், பச்சைப் பொய் சொல்லிவிட்டார். தெருமுனைக்குப் போய் அந்த எண்ணுக்கு அழைத்தாள். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அவள் நம்பவில்லை. வியாழக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு வீட்டு அலமாரிகளைக் குடைந்தாள். அவருடைய பழைய சட்டைகளுக்கு அடியில், ஒரு கைக்குட்டையில் சுற்றிய கைபேசி கிடைத்தது. திரை நொறுங்கி, பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்திருந்தது. சிம் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சேறு.

அதை வைத்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோது பஞ்சு அறை வாசலில் நின்றது. உடம்பு முழுக்க ஈரம். எலுமிச்சை சோப்பு வாசனை. அந்த வீட்டில் எலுமிச்சை சோப்பு வாங்குவதில்லை. பெரியவள் வாங்குவாள் என்று வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. பஞ்சு வாலை ஆட்டியது. அவளைப் பார்த்து அல்ல. அவள் தோளுக்கு மேலே, சற்று உயரமாக ஓர் இடத்தைப் பார்த்து.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? கள்ளக் கையெழுத்துப் போட்டதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் வேலை போகும். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அந்தப் பாதி மனுஷனும் போவார். அன்று ராத்திரி தலையணையில் முகம் புதைத்தபோது எலுமிச்சை வாசனை லேசாக வந்தது. நாய் படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பிடரியில் ஏதோ கடித்தது போல அரித்தது. சொறிந்துகொண்டே தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையில் சிப் பெட்டியைத் திறந்தாள். வரிசையில் ஓர் உறை கிழிந்திருந்தது. உள்ளே ஊசி மட்டும் இருந்தது, சிப் இல்லை. ஊசி நுனியில் காய்ந்த ஒரு புள்ளி ரத்தம். புதிதாக எந்தப் பிராணிக்கும் போட்டதாக யாருக்கும் நினைவில்லை. உறையின் மேல் இருந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தாள்.

பெரியவளின் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குக் கீழே இப்போது இரண்டு பிராணிகள் இருந்தன. ஒன்று பஞ்சு. இரண்டாவதற்குப் பெயர் எழுதவில்லை. இனம் என்ற கட்டம் காலி. பால்: பெண். குணம் என்ற இடத்தில் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தது: 'பொறாமை அதிகம். கடிக்கும். அன்பாக நடத்தினால் பழகிவிடும்.'

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த நிலையிலும் அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? செத்தும் என்ன திமிர் இவளுக்கு என்பதுதான். சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவளின் சிரிப்பு பழைய சிரிப்புதான். பஞ்சு மடியில்தான் இருந்தது. ஆனால் பெரியவளின் இன்னொரு கை, எப்போதும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கை, இப்போது படத்தின் ஓரத்தில் கீழ்நோக்கி நீண்டிருந்தது. சின்னவள் உட்காரும் இடத்தை நோக்கி.

எப்போதும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பூங்காவில் பாதுகாப்பு முகாம். ஸ்கேனரை அவளிடமே கொடுத்து, வீட்டிலிருந்து நேராக அங்கே வந்துவிடச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. போகும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோம்மா. யாராவது பக்கத்துல இருந்து பார்த்துக்கணும் உன்னை" என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்து இருபது. வெயில் ஜன்னல் வழியாக நடைவரைக்கும் மஞ்சளாக வந்து விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும், தெருவில் சைக்கிள் மணியும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் எந்த நாளும் போலவே கேட்டன. சாதாரணச் சாயங்காலம். பஞ்சு நடையில் தன் இடத்தில் படுத்திருந்தது. பட்டை தளர்ந்திருந்தது. இந்த முறை அவள் இறுக்கவில்லை.

ஸ்கேனரை மேஜை மேல் வைத்தாள். பிறகு எடுத்தாள். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பஞ்சுவின் பிடரிமேல் காட்டினாள். கீச். பஞ்சுவின் எண். எல்லாம் சரி.

பிடரி அரித்தது.

நேற்று ராத்திரியிலிருந்து அரிக்கிற இடம். விரலை வைத்தாள். தோலுக்கடியில் சின்னதாக, வழுவழுப்பாக, தொட்டால் நழுவுகிற ஒன்று. ஓர் அரிசி அளவு. எத்தனை நாய்களின் பிடரியில் இதை விரலால் தடவிப் பார்த்து, 'இருக்கு டாக்டரம்மா' என்று சொல்லியிருக்கிறாள். ஸ்கேனர் பிடித்த கை மெல்ல மேலே போனது. வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கை போனது.

கீச்.

திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தாள். கிழிந்த உறையின் எண்.

ஓட வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. நடையில் பாய்ந்தாள். நடை முடிகிற இடத்தில் கம்பித் தடுப்புக் கதவு சாத்தியிருந்தது. பஞ்சு தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று பெரியவள் போட்ட கதவு. இந்த மூன்று வருஷத்தில் சின்னவள் ஒரு நாளும் அதைச் சாத்தியதில்லை. தாழ்ப்பாள் அந்தப் பக்கம். கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினாள். எட்டவில்லை. தாழ்ப்பாளில் பூட்டு மாட்டியிருந்தது. பத்திரமாக.

கத்த வாயைத் திறந்தாள்.

அப்போது கேட்டது. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து. நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற சத்தம். ட்ச். ட்ச்.

பெரியவள் பஞ்சுவை அப்படித்தான் கூப்பிடுவாளாம். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் செய்து காட்ட முயன்றிருக்கிறார். அவருக்கு வரவில்லை.

பஞ்சு எழுந்தது. உடம்பே வாலாக ஆடியது. குழந்தை அழுவது போல ஒரு சின்னக் குரல் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது.

ட்ச். ட்ச்.

இது அவளுக்கு.

திரும்பக் கூடாது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. முழங்கால் மடிந்தது. உட்கார்ந்தாள். எலுமிச்சை சோப்பு வாசனை மெதுவாக வந்து அவளைச் சுற்றி நின்றது. சேற்று ஈரமும். ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி எழும் சத்தம். பக்கத்தில். இன்னும் பக்கத்தில். பஞ்சு ஓடிவந்து அவள் அருகில் ஒட்டி உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

ஒரு கை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது. ஈரமான கை. அன்பான கை. கூந்தலை ஒதுக்கியது. பிடரிக்கு இறங்கியது. அவள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டது.

சங்கிலிக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரல்கள் நுழைந்து, இறுக்கமாக இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்த்தன.