படத்துக்கு அர்த்தம் சொன்னவன்

சிடாம் கிரி எஸ்டேட் வாய்க்காலில் குப்புறக் கிடந்தான் வீரசாமி.

உயிர் இல்லை!

அன்று வாயடைத்துப் போனவள்தான் அவன் மனைவி புஷ்பவள்ளி. அழுகைகூட வரவில்லை. பாவம்!

இப்போது பீடோங்கில், ஒரு கடைவீட்டு மாடியில், ஓவிய சிகிச்சை தரும் ஷாமளாவின் அறையில் உட்கார்ந்திருந்தாள். மேசையெங்கும் க்ரேயான், காகிதம்.

எதிரே இன்ஸ்பெக்டர் யோகேந்திரன் உறுமினார்.

"இன்னிக்கி பேசலன்னா அரெஸ்ட்தான்லா! புருஷன் செத்துட்டான், இவ கலர் அடிக்கிறா!"

"அடிக்கட்டும்!" என்றாள் ஷாமளா. "வாயால சொல்ல முடியாதத கையி சொல்லும். மனசுல அடைச்சிக் கெடக்கிறது வெளிய வந்தா, பேச்சு தானா வரும்."

"அப்ப படத்த பாத்து கொலைகாரன் யாருன்னு சொல்லுங்க!"

"நான் என்ன குறி சொல்றவளா? அர்த்தத்த வரைஞ்சவங்கதான் சொல்லணும். மத்தவங்க சொன்னா, அது அவங்கவங்க மனசுல உள்ளது!"

படீர்...! கதவு திறந்தது.

வீரசாமியின் தம்பி மனோகரன்! வந்த வேகத்தில் மேசைமேல் கிடந்த ஒரு படத்தைப் பிடுங்கினான். பழுப்பாக ஒரு கட்டடம்... பக்கத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்...

அவன் முகம் வெளுத்தது.

"பாத்தீங்களா சார்! எஸ்டேட்ல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய ஸ்மோக் ஹவுஸ்! இந்தச் செவப்பு எங்கண்ணன் ரத்தம்! பின்மண்டையில கட்டையால போட்டவ, அவளே வரைஞ்சிட்டா!"



யோகேந்திரன் மெல்ல எழுந்தார்.

"பாடி கெடந்தது வாய்க்கால்ல. பின்மண்டை அடி எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்மோக் ஹவுஸ்... எனக்கே தெரியாது. ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"அது... அண்ணிதான்... சொன்னாங்க..."

"பேச்சே வராதவங்களா?"

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள். புஷ்பவள்ளி! மனோகரனைச் சுட்டிக் கத்தினாள்.

"நீதான்டா அடிச்ச! அங்க திருட்டுத்தனமா சம்சு சாராயம் காய்ச்சாதன்னு சொன்னதுக்கு கூடப்பொறந்தவனையே அடிச்சி கொன்ன! வாயத் தொறந்தா என் மவளையும் கொல்லுவேன்னியே, பாவி!"

சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதாள். ஷாமளா அவளை அணைத்துக்கொண்டாள்.

மனோகரன் படிக்கட்டுக்குப் பாய்ந்தான். கீழே நின்ற கான்ஸ்டபிள் பழனியாண்டி லபக்கென்று பிடித்தார். விலங்கு ஏறியது.

"அண்ணி! படம் வரைஞ்சே மாட்டி விட்டுட்டியே!" பல்லைக் கடித்தான்.

"அட மடையா!" என்றாள் ஷாமளா. "அவங்க படம் அவங்க மடியில இருக்கு. அத நானே இன்னும் பாக்கல!"

"அப்ப... இது?"

யோகேந்திரன் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான்லா வரைஞ்சேன்! சும்மா உக்காந்திருக்க போரடிச்சிச்சி. யான் டவுன்ல இருக்கிற என் மாமியா வீடு அது. செவப்பு... அவங்கதான், வாசல்ல நிக்கிறாங்க."

படத்தை அவசரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"ரத்தக்கறைன்னு சொன்னான்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிச்சி... அடுத்த பாடி நான்தான்!"