சக்கரத்தில் மாட்டிய மேனேஜர்

என் தம்பி வென்டெல் யாருக்காவது வேண்டுமா? இலவசமாகவே தருகிறேன். கூடவே அவனுடைய சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். குற்றம் நடந்ததே அந்தச் சைக்கிளில்தான்.

சனிக்கிழமை காலை. கட்டிலுக்கு அடியிலிருந்து என் ஷூ பெட்டியை இழுத்தேன். பெட்டி நிறைய, பபிள்கம் பாக்கெட்டில் வரும், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, ரப்பர் பேண்டு போட்டு, லேக்போர்ட் ஹெரான்ஸ் அணி. ஒவ்வொரு கார்டிலும் அந்தந்த ஆட்டக்காரரின் கையெழுத்து. தபாலில் அனுப்பிவிட்டு, தபால்காரரைத் தெருமுனை வரை துரத்தித் துரத்தி வாங்கியவை.

கையெழுத்து இல்லாத கார்டு ஒன்றே ஒன்றுதான். அணியின் மேனேஜர் கஸ் டாலிவர்.

அவர் எங்கள் ஆல்டர் க்ரீக்கில் பிறந்தவர். இன்றைக்கு ஊருக்கு வருகிறார். மிஸஸ் ரீடின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், இரவு நகரத்தில் ஆட்டம் இருக்கிறது. இன்றைக்கு விட்டால் என் அணி எப்போதும் ஒரு கையெழுத்துக் குறையோடுதான் கிடக்கும்.

ரப்பர் பேண்டைக் கழற்றினேன். டாலிவரைக் காணோம்!

பெட்டியைக் கவிழ்த்தேன். போர்வையை உதறினேன். அப்போது வாசலில் ஒரு சத்தம்.

ட்ர்ர்ர்ர்ர்ர்!

எனக்குப் புரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"டேய்! நிறுத்துடா!"

வென்டெல் பிரேக்கை அழுத்தினான். பின் சக்கரம் நின்றது. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே, துணிக்கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தார் கஸ் டாலிவர். மீசையில் பாதி இல்லை. தொப்பியிலிருந்து தாடை வரை ஒரு கிழிசல்.

"அது என் கார்டுடா!"

"மேனேஜர் கார்டுதானேக்கா? எல்லாரும் மேனேஜரைத்தானே மாட்டுறாங்க?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மேனேஜர் மட்டை பிடிப்பதில்லை, பந்து வீசுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யார் ஆடுவது, யாரை வெளியே எடுப்பது என்று முடிவு செய்வார், அவ்வளவுதான். அதனால் அவர் கார்டை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. பபிள்கம் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே டாலிவர் முகம் வந்தால், "ச்சே!" என்று சொல்லிவிட்டுத் துணிக்கிளிப்பைத் தேடுவார்கள். கார்டைச் சக்கரத்தில் மாட்டிச் சைக்கிள் மிதித்தால், கம்பிகள் அதில் பட்டுப் பட்டு மோட்டார் பைக் மாதிரி சத்தம் வரும்.

"எல்லார் கார்டும் சக்கரத்துல மாட்டியே நாசமாப் போச்சு. ஊர்லயே நல்லா இருந்தது இது ஒண்ணுதான்டா!"

"அதான் சத்தம் அவ்ளோ நல்லா வந்துச்சு!" என்றான், ரொம்ப சந்தோஷமாக.

அம்மா வேலைக்குப் போகும்போது, "மார்லிஸ், தம்பியைப் பார்த்துக்கோ" என்று சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டேதான் நின்றேன். எந்தப் பக்கம் தள்ளினால் சைக்கிளோடு ஓடையில் விழுவான் என்று.

தள்ளவில்லை. நேரம் இல்லை. கார்டை ஒரு கையில், அவனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கடை வாசலில் வரிசை முடிதிருத்தும் கடையையும் தாண்டி நின்றது. அது நகரவே இல்லை.

ஏன் என்று வென்டெலோடு வாசலுக்கே போய் எட்டிப் பார்த்தேன். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் டாலிவர். எதிரே முடிதிருத்துபவர் மெர்ல், மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கஸ், சொல்றேன்னு தப்பா நினைக்காதே. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துல, இடது கையால பந்து வீசுற அந்தப் பிட்சரை ஏன்பா வெளியே எடுத்தே?"

"கை வலிக்குதுன்னான் மெர்ல்."

"வலிச்சா என்ன? நான் நாள் பூரா கையைத் தூக்கிக்கிட்டு முடி வெட்டலையா?"

மெர்ல் ஒருவழியாக நகர்ந்தார். அடுத்து, ஒரு பை நிறைய ஆப்பிளோடு ஓர் அம்மாள்.

"எல்லாரும் ஏன் அவ்ளோ ஓங்கி அடிக்கிறாங்க? பந்தை மெதுவாத் தட்டிட்டு ஓடச் சொல்லு கஸ்."

"சொல்லியிருக்கேன்."

"சத்தமாச் சொல்லு!"

ஹெரான்ஸ் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாப் பெரியவர்களுக்கும் காரணம் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அதைச் சொன்னார்கள். நடுநடுவே மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கால் மாற்றி நின்றார்கள்.

சுவர்க்கடிகாரம் பதினொன்றரை காட்டியது. எனக்கு முன்னால் இன்னும் பாதி ஊர்.

"அக்கா, பசிக்குது."

"பேசாதே!"

"அக்கா, அவருக்கும் பசிக்குதுபோல. அந்த ஆப்பிள் பையையே பார்க்கிறாரு."

நானும் டாலிவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது பசி இல்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வென்டெலிடம் பேசும்போதெல்லாம் என் முகம் அப்படித்தான் ஆகும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

வாசலிலிருந்து உள்ளே நுழைந்து, மேஜைக்குப் பக்கவாட்டில் போய்க் குனிந்தேன்.

"சார், ஊர்க்காரங்க யோசனையெல்லாம் எழுதிக் குடுத்தா, போற வழியில படிப்பீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பேச்சை நிறுத்துவாங்கன்னா டெலிபோன் டைரக்டரியைக்கூடப் படிக்கிறேன்ம்மா."

அது போதும். மிஸஸ் ரீடிடம் கேட்டுக் காலியான ஆணிப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன். பழுப்புக் காகிதப் பையைக் கிழித்து, "மேனேஜருக்கு யோசனைகள். விவரமாக எழுதவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி அதில் ஒட்டினேன். பிறகு ஒரு பெயின்ட் டப்பாமேல் ஏறி நின்றேன்.

"பெரியவங்களே! உங்க யோசனையை எழுதி இதுல போடுங்க. மிஸ்டர் டாலிவர் போற வழியில எல்லாத்தையும் படிப்பாரு!"

"எல்லாத்தையுமா?" என்றார் மெர்ல்.

"எல்லாத்தையும்," என்றார் டாலிவர், பெருமூச்சோடு.

அடுத்த நொடியே வரிசையில் பெரியவர்கள் யாரும் இல்லை! பென்சிலுக்குச் சண்டை வந்தது. மெர்ல் தரையில் உட்கார்ந்து பேஸ்பால் மைதானமே வரைந்தார். "ஒரு தாள் பத்தலைம்மா, இன்னொண்ணு குடு" என்றார்.

பிள்ளைகளின் வரிசை கிடுகிடுவென்று ஓடியது. பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் நான் மேஜைக்கு வந்துவிட்டேன். கார்டை வைத்தேன்.

டாலிவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு என்னம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வென்டெல் முந்திக்கொண்டான். "நீங்க சக்கரத்துல இருந்தீங்க சார்!"

பின்னால் நின்ற பையன்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஏன் என்னைப் போய் மாட்டினே?"

"மேனேஜர் கார்டுக்கு மதிப்பே இல்ல சார். ஊர்ல எல்லாரும் உங்களைத்தான்..."

அவன் வாயைப் பொத்தினேன். ரொம்பத் தாமதம்.

டாலிவர் கண்ணை மூடினார். திறந்தார். "முன் சக்கரமா, பின் சக்கரமா?"

"பின்," என்றான், என் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"எப்படி ஓடினேன்?"

"சூப்பரா சார்! பிட்சர் கார்டைவிட நீங்கதான் சத்தம் ஜாஸ்தி."

டாலிவர் சிரித்தார். மேஜை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "இந்த வருஷம் என்னைப் பத்தி யாரும் இவ்ளோ நல்லதாச் சொன்னதில்லப்பா." பேனாவை எடுத்தார். "என்னம்மா எழுதட்டும்?"

"உங்க பேரை எழுதுங்க சார். கீழே, ‘இதைக் கிழித்தது வென்டெல்’னு எழுதுங்க. இவன் பெரியவனானாலும் அது இருக்கணும்."

"நியாயம்தான்," என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கார்டை வென்டெலின் மூக்குக்கு நேரே நீட்டி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினேன். அழுவான் என்று நினைத்தேன்.

அவன் கண் விரிந்தது. "என் பேரா? பேஸ்பால் கார்டுலயா?"

என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான். "டேய், பாருங்கடா! கஸ் டாலிவர் என் பேரை எழுதியிருக்காருடா!"

ஏற்கெனவே தொப்பியிலும் பந்திலும் கையெழுத்து வாங்கிய பையன்கள்கூட வெளியே பாய்ந்தார்கள். சைக்கிள்களிலிருந்து துணிக்கிளிப்புகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. கிழிந்த டாலிவர்களோடு எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"சார், நானும் கிழிச்சேன்! என் பேரையும் போடுங்க!"

"நான் அவனைவிட ஜாஸ்தி கிழிச்சேன் சார்!"

டாலிவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"உனக்கு ஒரே ஒரு வென்டெல்," என்றார். "எனக்கு ஊர் முழுக்க." அடுத்த கார்டை இழுத்துக்கொண்டார்.

வெளியே, என் அணியின் கடைசிக் கையெழுத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான் வென்டெல். பிடுங்கிவிடலாம் என்று போனேன். அவன் முகத்தைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"டேய் வென்டெல்! மை இன்னும் காயல! ஓரத்தைப் பிடிடா, ஓரத்தை!"