வாசலுக்கு வந்த பேருந்து

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி, வருகிறவர்களுக்கு இடம் விடுங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வையுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. தன் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வாசலில்தான் நிற்கிறேன் என்று பெண்டாட்டியை நம்ப வைக்க முடியாமல் மூச்சுத் திணறிய ஒரு மனுஷனின் கதையைச் சொல்லப் போகிறேன். நடந்த இடம் நிலா. நடக்கப்போகிற காலம், நாமெல்லாம் போய்ச் சேர்ந்து வெகு காலத்துக்குப் பிறகு.

அந்த மனுஷன் பெயர் வேல்மயில். நிலாவிலேயே பிறந்தவர், பேருந்து என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தினமும் பனிக்குவாரியில் வேலை முடிந்ததும், ஓய்வறையில் காலை நீட்டிப்போட்டு, தேநீரை ஊதிக்கொண்டே தன் வண்டியின் பொத்தானை அமுக்குவார். அவ்வளவுதான். மூன்று குன்றுகளுக்கு அப்பால், அவர் வீட்டு வாசலில், மலைப்பாதை ஏறி இளைத்த பழைய பேருந்து ஒன்று இருமிக்கொண்டே வந்து நிற்கும். சத்தம் மட்டும். வேல்மயில் இங்கே அடுத்த தேநீருக்குக் கை நீட்டுவார்.

சிரிக்காதீர்கள், அந்த ஊரில் அதுதான் நடைமுறை.

ஊர் பெயர் புதுக்குறிச்சி. தாமிரபரணிக் கரையிலிருந்து போனவர்கள் நிலாவின் தென்கோடியில் குடியேறி, நிழலில் உறைந்து கிடக்கிற பனியை வெட்டிப் பிழைத்தார்கள். வீடெல்லாம் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும். மேலே ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். வெளியே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் சத்தமும் இல்லை. அங்கே ஓடுகிற வண்டிக்குத் தவழி என்று பெயர். மின்கலத்தில் ஓடும், இன்ஜின் கிடையாது. இருந்து உறுமினாலும் கேட்க வழியில்லை.

ஆதியில் அதுதான் வம்பாகிவிட்டது. வெளியுடை மாட்டிக்கொண்டு நடந்து போகிறவர் பின்னாலேயே தவழி வந்து நிற்கும், திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். பயந்து விழுந்தவர்கள் உண்டு, காலை ஒடித்துக்கொண்டவர்கள் உண்டு. அதனால் ஊர்மன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு தவழியும் தான் வருவதை அலைவழியாக எல்லாத் தலைக்கவசத்துக்கும், வீடுகளில் இருக்கிற வாசல்பெட்டிக்கும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்கு வரவொலி என்று பெயர் வைத்தார்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது அணையக் கூடாது. அணைந்தால் வண்டிக்குள் காற்றையும் சூட்டையும் தருகிற உயிர்மின் போய்விட்டது, ஆளுக்கு ஆபத்து என்று அர்த்தம். யாரும் பிடுங்கிவிடாதபடி ஒயரில் மன்றத்து முத்திரை வேறு.

மன்றம் கொடுத்தது வெறும் மணிச்சத்தம். அதை யார் வைத்துக்கொள்வார்கள்? அடுத்த வீட்டுக்காரர் வண்டியும் நம் வண்டியும் ஒரே மாதிரி கேட்டால் என்ன மரியாதை? கடைகளில் வரவொலி விற்பனைக்கு வந்தது. ஒருவர் பந்தயக் கார் வைத்தார். ஒருவர் கப்பல் சங்கு வைத்தார், அவர் வருகிறபோதெல்லாம் தொட்டில் பிள்ளைகள் வீறிட்டன. வேல்மயில் கடையில் இருந்த அத்தனையையும் கேட்டுவிட்டு, இந்த மலைப்பேருந்தில் மயங்கிப்போனார். அதில் கியர் மாற்றுகிற இடத்தில் ஒரு தவிப்பு வரும், அதன்பின் ஒரு பெருமூச்சு, அதன்பின் ஒரு முனகல். தூக்கத்தில்கூட அவர் வாய் அதை முனகும் என்று ஆவுடை சொல்லுவாள்.

ஆவுடை என்பது அவர் மனைவி. அவளுக்காகத்தான் அடுத்த வேலையைச் செய்தார். தாமதமாகிறது, தாமதமாகிறது என்று அவள் நச்சரித்ததில், கடைக்காரன் காதோடு காதாகச் சொன்ன அணுக்கம் என்ற வசதியைச் சேர்த்துக்கொண்டார். வண்டி எங்கே கிடந்தாலும், பொத்தானை அமுக்கினால் வாசலில் வந்து நிற்கிற மாதிரியே சத்தம் கேட்கும். கேட்கிறவர்களுக்கும் நிம்மதி, வருகிறவருக்கும் நிம்மதி. ஊரில் எல்லார் வண்டியிலும் அது ஏறிவிட்டது.

ஆவுடை ஏமாந்தது முதல் இரண்டு மூன்று நாள்தான். அதற்குப் பிறகு கணக்குப் பிடித்துவிட்டாள். பேருந்து வாசலில் உறுமினால் மனுஷன் இன்னும் கைகூடக் கழுவவில்லை, நாம் குளித்துவிட்டே வரலாம். இப்படியே ஒரு குடும்பம் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஒரே மகள் மரகதவடிவுக்கு வளைகாப்பு வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது வடகரைக் குடியிருப்பில். பெற்றவள் கையால் முதல் வளையல் ஏற வேண்டும், அதுவும் கண்ணாடி வளையலாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்களின் வழக்கம். கண்ணாடி வளையல் பூமியிலிருந்து சரக்குக் கப்பலில்தான் வரும். அன்றைக்கு முற்பகல் வேலை முடித்து, துறைக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வருவது வேல்மயிலின் பொறுப்பு.

காலையில் கிளம்பும்போதே ஆவுடை சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னைக்கும் பிந்தினியன்னா நான் பொதுவண்டியில போயிருவேன். போனா, பேரப்பிள்ள பொறந்து அது நடக்கத் தொடங்குன பொறவுதான் வருவேன். அதுவரைக்கும் நீங்களும் உங்க பஸ்ஸும் பொங்கித் தின்னுக்கிடுங்க."

விளையாட்டாகச் சொல்கிற குரல் இல்லை அது. வேல்மயில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அதுவே தீய்ந்துபோகும்.

அன்று அவர் தேநீர் குடிக்கவில்லை. ஓய்வறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துறைக்கு விரைந்து வளையல் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழியில் காற்று நிரப்புகிற இடத்தில் நீண்ட வரிசை நின்றது. வீட்டு வாசலில் மாட்டினால் வீட்டுக் குழாயிலிருந்து ஏறிக்கொள்ளுமே என்று அதையும் விட்டுவிட்டார். அவசரத்தில் வெளியுடை குவாரியிலேயே தொங்கியது. இத்தனையும் விட்டுவிட்டு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து தன் வீட்டு வாசலில் தவழியை மாட்டினார். கொக்கிகள் பூட்டிக்கொண்டன.

இனி உள்ளே இருப்பவர்கள் தாழ் நீக்கினால்தான் கதவும் திறக்கும், காற்றும் வரும், கொக்கியும் விடும். வேல்மயில் தலையை வாரிக்கொண்டு, வளையல் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

வீட்டுக்குள் பேருந்து உறுமிற்று. ஆவுடை புளியோதரைக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்டதும், அப்பாடா, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று எலுமிச்சம்பழச் சோற்றையும் தொடங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்தார் வேல்மயில். காற்றுமானியின் முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. வாசல்பெட்டியில் கூப்பிட்டார்.

"ஏளா ஆவுடை, வாசல்ல நிக்கேன். கதவத் தெற."

"ஆமா, கேக்குது. நில்லுங்க, நில்லுங்க," என்றாள் ஆவுடை, கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில்.

"நெசமாத்தாம்ளா சொல்லுதேன்."

"நேத்தும் நெசமாத்தான் சொன்னிய."

வாசல் கண் வழியாகப் பார்க்கச் சொன்னார். வாசல் கண்ணில் நிலாத்தூசி படிந்து ஒன்றும் தெரியாமல் கிடக்கிறது, நாளைக்குத் துடைக்கிறேன், நாளைக்குத் துடைக்கிறேன் என்று எத்தனை நாளாய்ச் சொல்லி வருகிறீர்கள் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். காற்று குறைகிறது என்றார். அதைச் சொன்னதும் ஆவுடை சிரித்தே விட்டாள். காற்று குறைந்துவிட்டது, நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்பது, ஓய்வறையில் சீட்டாட்டம் நீளுகிற நாட்களில் அவர் வழக்கமாகச் சொல்லுகிற சாக்கு.

"நல்லா நெரப்பிக்கிட்டு வாங்க," என்று பெட்டியை மூடினாள்.

முள் மஞ்சளின் ஓரத்துக்குப் போயிற்று. வேல்மயிலுக்கு நெற்றியில் வேர்த்தது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைத் திறக்கச் சொல் தாயே என்று கெஞ்சினார். வீடுகளுக்கு நடுவே நிலத்தடியில் நடைவழி உண்டு, நாலு எட்டு வைத்தால் போதும்.

"அதுக்கென்ன அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய் கொட்டாவியோடு. "எங்க வீட்டு ஆளுங்கூட அப்பவே வாசல்ல வந்து நிக்காவ. உங்க கூடத்தான குவாரியில இருக்காவ, பாத்து ரெண்டு பேரும் சேந்து வாங்க."

முள் சிவப்பைத் தொட்டது.

அந்தச் சின்னக் கூண்டுக்குள், மடியில் கண்ணாடி வளையலோடு, வேல்மயில் நிலைமையை நினைத்துப் பார்த்தார். உண்மையைச் சொல்லியாயிற்று. கெஞ்சியாயிற்று. இறங்கிப் போக வெளியுடையும் இல்லை. தட்டலாம் என்றால் மேலே கொட்டிய மண்ணும் கனத்த கதவும் ஒரு சத்தத்தையும் உள்ளே விடாது. அவருடைய பேருந்தோ, ஒரு குறையும் இல்லாத ஆள் வருவது போல, கம்பீரமாக இருமி, கியர் மாற்றி, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தான் செத்துப்போனாலும் இது உறுமிக்கொண்டுதான் இருக்கும், ஆவுடை உள்ளே தயிர்ச்சோறு தாளித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று தோன்றியபோது அவருக்கு அழுகை வந்தது. இந்த மூச்சு மிஞ்சினால் ஆயுசுக்கும் பொய்ச்சத்தம் அனுப்பமாட்டேன் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார்.

அப்புறம் குனிந்து, மன்றத்து முத்திரையை விரலால் கிழித்து, வரவொலியின் ஒயரைப் பிடித்து இழுத்தார். அது அறுந்து கையோடு வந்தது.

பேருந்து, கியர் மாற்றப்போன இடத்தில் நின்றுபோயிற்று.

ஆவுடையின் கையில் கரண்டி நின்றது. அடுப்பின் சீறலும் எண்ணெயின் கொதிப்பும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் முந்தி வந்திருக்கிறது, பொய்யாக வந்திருக்கிறது, பாதியில் அறுந்ததில்லை. பெட்டியைத் தட்டினாள். காதை வைத்துப் பார்த்தாள். பேச்சித்தாய் நடைவழியில் தலைவிரிகோலமாக ஓடி வந்து, அக்கா, பஸ் நின்னுட்டே, என்று சொல்லி முடிப்பதற்குள் ஆவுடை வெளியுடையில் ஒரு காலை விட்டிருந்தாள். குவாரிக்குப் போகிற பாதையில் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாரோ, ஓடிப்போய்த் தேட வேண்டும். அழுதுகொண்டே உடையை மாட்டி முடித்து, வாசலுக்குப் போய்த் தாழை நீக்கினாள்.

கதவு திறந்தது. அந்தப் பக்கம் வேல்மயில், வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக் காற்று புளியோதரை மணத்தோடு உள்ளே போயிற்று. அவர் அதை இரண்டு மூன்று வாய் விழுங்கினார்.

"சத்தத்த ஏன் நிறுத்துனிய?" என்று கேட்டாள் ஆவுடை. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டோன்னுல்லா பதறிட்டேன்."

"நீ பதறணும்னுதாம்ளா நிறுத்துனேன்."

"வந்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

வேல்மயில் அவளைப் பார்த்தார். அவள் வெளியுடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்தாள். பேச்சித்தாய் பெட்டியைத் திறந்து, ஒரு வளையல்கூட உடையவில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு வாசலிலும் நிஜமாகவே யாராவது நிற்கிறார்களா பார்க்கலாம் என்று ஓடினாள். யாரும் நிற்கவில்லை.

மனுஷன் நேரத்துக்கு வந்துவிட்டார். இனி கிளம்ப வேண்டியதுதான். ஆனால் கணவர் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆவுடை பட்டுச்சேலையைக்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. தயிர்ச்சோறு தாளிக்கவில்லை. தலையில் எண்ணெய் காயவில்லை. வேல்மயில் வளையல் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அறைக்கும் அடுப்புக்குமாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

வாசல்பெட்டி பேசியது. வடகரையிலிருந்து மரகதவடிவு.

"எம்மா, எங்க இருக்கிய? எல்லாரும் வந்தாச்சு. எங்க அத்தை கேட்டுக்கிட்டே இருக்காவ."

ஆவுடை வாயில் கொண்டை ஊசியைக் கடித்தபடி, ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்திருந்தாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

"இன்னா, உங்க வாசலுக்கே வந்துட்டோம்ட்டி. சத்தம் கேக்கலியா?"

"கேக்கலியே."

ஆவுடை வேல்மயிலைப் பார்த்தாள். அவர் அறுந்த ஒயரை எடுத்துக் காட்டினார். அவள் பார்வை மாறவில்லை. காலையில் கரண்டியோடு நின்றபோது இருந்த அதே பார்வை.

சற்று முன்னால்தான் குலதெய்வத்திடம் கொடுத்த வாக்கு அவர் நினைவுக்கு வந்தது. பேரப்பிள்ளை நடக்கிறவரை தானே பொங்கித் தின்பதும் நினைவுக்கு வந்தது. வேல்மயில் எழுந்து, வாசல்பெட்டி அருகே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார். உதட்டைக் குவித்தார்.

"ட்ர்ர்ர்ர்ர்... உர்ர்ர்... ஹ்ர்ம்... ஸ்ஸ்ஸ்..."

இருமினார். பெருமூச்சு விட்டார். கியர் மாற்றுகிற இடத்தில் அந்தத் தவிப்பை ஒரு இம்மியும் பிசகாமல் கொண்டுவந்தார். ஆவுடை தலையை ஆட்டி, இன்னும் பக்கத்தில் வருகிற மாதிரி என்று கையால் சைகை காட்டினாள். அவர் சத்தத்தைக் கூட்டினார்.

வடகரையில் மரகதவடிவு காதைச் சாய்த்துக் கேட்டாள். சரிம்மா, மெதுவா வாங்க, என்றாள். அத்தையிடம் திரும்பி, அம்மாவும் அப்பாவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிறகு உள்ளே போய், தலைமாட்டுக்கு ஒரு தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டு, நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள். அவள் ஆவுடை பெற்ற பெண் அல்லவா.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. கவிழ்த்து வைத்த போனில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் பாருங்கள், பாதி வழி வந்துவிட்டேன் என்று இங்கிருந்தே சொல்லிவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றவர்கள் வந்து சேரட்டும். வந்து நின்றவர்களுக்குக் கதவு தட்டுவதற்குள் திறக்கட்டும். காத்திருக்கிறவர்களின் அடுப்பில் சோறு தீயாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் கேட்கிற சத்தத்துக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும், அந்த ஆள் உங்களுக்குப் பிரியமானவராக இருக்கட்டும்.