விட்டுப்போன பக்கங்கள்

வானதி அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. தஞ்சாவூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே நின்ற பழைய கட்டடம். பின்சுவரை ஒட்டியே வாய்க்கால் ஓடியது. சன்னலைத் திறந்தால் சம்பா வயலின் சேற்று வாடை. மூடினால் பழைய தாளின் வாடை.

துணை நூலகர் கமருன்னிஸா அவளை ஒவ்வொரு பகுதியாக அழைத்துப்போய்க் காட்டினார். புத்தகம் எடுக்கும் கவுண்டர், ஆய்வேடுகள் அடுக்கிய மாடி, கணினிக் கூடம், வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துக் கொடுக்கும் மேசை. கடைசியாகக் கீழ்த்தளத்து நடையின் கோடியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. ஒரு மேசை, ஒரு மைக், எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். கதவில் முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி.

“பார்வையில்லாத பசங்களுக்கு நாம புத்தகத்த வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்குற ரூம் இது. ஆளில்லாம பூட்டிக் கிடந்துச்சு. இனிமே உங்க பொறுப்பு வானதி.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அறுந்ததுபோல் நின்றது. அவள் மூச்சு அவளுக்கே கேட்டது.

அந்த வாரமே பரணிதரன் வந்தான். எம்.ஏ. வரலாறு. வேதாரண்யத்துக்காரன், அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. டெல்டாவின் ஆறுகளையும் மதகுகளையும் பற்றிய கனத்த புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர படிக்கச் சொன்னா எல்லாத்தையும் கொளறுது மேடம். பழைய அச்சாம். யாராவது வாசிச்சாத்தான் உண்டு.”

“நான் வாசிக்கிறேன். கவலப்படாத,” என்றாள் வானதி. அப்போது அவள் மனதாரத்தான் சொன்னாள்.

முதல் அத்தியாயத்தை ஆசையாக வாசித்தாள். இரண்டாவதில் தொண்டை வறண்டது. பக்கம் பக்கமாக மதகுகளின் பெயர், வெள்ளத்தில் போன ஊர்களின் பெயர். கவுண்டரில் வேறு வேலை குவிந்தது. ஒரு நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கற்றைப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள். வாக்கியம் ஒட்டுகிற இடமாகப் பார்த்துத் தொடர்ந்தாள்.

அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

பதிவை ஏற்றிய பென்டிரைவை வாங்கிப்போனவன் சில நாளில் திரும்பி வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

“இன்னொரு மேடத்துக்கும் நன்றி சொல்லிடுங்க மேடம்.”

“எந்த மேடம்?”

“ரெண்டாவது அத்தியாயத்துல நடுவுல வாசிச்சாங்களே. அந்த நடவு நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்கள வெள்ளம் அடிச்சுட்டுப் போன இடம். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா வாசிச்சாங்க. கேட்டுட்டுத் தூங்கவே முடியல.”

அப்படி ஒரு இடம் அவள் கண்ணில் பட்டதே இல்லை. அவன் போனதும் புத்தகத்தைப் பிரித்தாள். தான் விட்ட பக்கங்களின் நடுவே அது இருந்தது. தாளில் ஈர விரல் தடவிய மங்கலான கோடு, வரிக்கு வரி, அச்சின் மேலேயே ஓடியிருந்தது.

பட்டப்பகலில், கூடம் நிறைய மாணவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டாள்.

அவள் குரல் போய்க்கொண்டிருந்தது. நின்றது.

தாள் புரளும் ஒலி.

பிறகு சரசரவென்று ஒரு சத்தம். விரல் நுனி தாளை வருடுகிற சத்தம்.

அதன் பின்னால் ஒரு பெண்குரல். சின்ன வயசு. ஒரு சொல்லைத் தடவிக் கண்டுபிடித்து, உச்சரித்து, அடுத்த சொல்லுக்குத் தவழ்ந்தது.

வானதி ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள். பக்கத்தில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து அந்தக் குரல் சன்னமாக வாசித்துக்கொண்டே இருந்தது.

கமருன்னிஸாவிடம் கேட்டாள். அவர் எழுந்து தன் அறைக் கதவைச் சாத்தினார்.

“மதிவதனின்னு ஒரு பொண்ணு. முத்துப்பேட்டைப் பக்கம். அதுக்கும் கண்ணு தெரியாது. தெனமும் வந்து அந்த ரூம்ல உக்காந்திருக்கும். யாராவது வந்து வாசிப்பாங்களான்னு.”

“வாசிச்சீங்களா?”

“ஆளாளுக்கு நாளைக்குன்னோம். எல்லாருக்கும் வேல இருந்துச்சு.” அவர் வானதியைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். “அடைமழை நாளு. நாங்க பூட்டிட்டுக் கெளம்பினப்ப அது உள்ள காத்திருக்குறத யாரும் பாக்கல. பின்கதவு வழியா தானே வெளிய வந்திருக்கு. வாய்க்கால் கரைபொரண்டு ஓடுச்சு. மறுநாள் மதகுலதான் கெடச்சுது.”

வானதி சில நாள் அந்த நடைப் பக்கமே போகவில்லை. போனபோது பயத்தோடு இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. தனக்கு அப்படி ஒரு நினைப்பு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வாசிக்கத்தான் ஆள் இருக்கிறதே.

அன்று மைக்கை ஓடவிட்டாள். புத்தகத்தை எதிர் நாற்காலியின் பக்கம் விரித்து வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேன்டீனுக்கு நடந்தாள். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது அத்தியாயம் முடிந்திருந்தது. கடைசித் தாள் நனைந்திருந்தது.

மறுநாளும் அப்படித்தான். பிறகு அதுவே வழக்கமானது. வேறு மாணவர்களும் புத்தகம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் பக்கத்தை அவள் வாசித்தாள். மிச்சத்தை விரித்து வைத்துவிட்டுப் போனாள். இத்தனை நூல்களை ஒரே ஆள் வாசித்துக் கொடுத்திருக்கிறாரே என்று பல்கலைக்கழகமே வியந்தது. செய்தித்தாளில் அவள் படம் வந்தது.

நூலக ஆண்டு விழாவில் துணைவேந்தர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபோது மடக்குக் குச்சியைத் தட்டிக்கொண்டு பரணிதரன் அருகில் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சொல்லு.”

“அவங்களுக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க மேடம். ரொம்ப முடியாம வாசிக்கிறாங்க. வார்த்தைக்கு நடுவுல தொண்டைக்குள்ள தண்ணி களகளங்குது. கேக்கப் பாவமா இருக்கு. நான் பாஸ் பண்ணலன்னாலும் பரவால்ல.”

வானதியின் தோளில் பொன்னாடை கனத்தது. அவனால் தன் முகத்தைப் பார்க்க முடியாது என்பது நினைவிருந்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழ்த்தளத்து நடையில் இறங்கினாள். பொன்னாடையை உருவி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டாள்.

கோடி அறையின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. காலையில் மைக்கை ஓடவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தாள்.

எதிர் நாற்காலி நனைந்து கிடந்தது, அதில் யாரும் இல்லை. பரணிதரனின் ஆற்றுப் புத்தகம் விரிந்திருந்தது. ஈரக்கோடு ஒன்று வரியின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. திணறி நின்றது. மறுபடி ஊர்ந்தது.

அவள் ஓடிப்போக நினைத்தாள்.  பயம் மட்டும் என்றால் ஓடியிருப்பாள். வெட்கம் அவளை அங்கேயே பிடித்து வைத்திருந்தது.

கதவைத் திறந்தாள்.

வாய்க்கால் வாடை முகத்தில் அறைந்தது. பாசி, சேறு, அழுகிய நாற்று. எதிர் நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது. யாரோ அவள் வந்த திசைக்குத் திரும்பி உட்கார்ந்ததுபோல.

“மேடமா?”

வானதி ஓர் அடி உள்ளே வைத்தாள்.

“நாளைக்கா மேடம்?”

அதில் கோபம் துளியும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குரல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“இல்லம்மா,” என்றாள். “இன்னிக்கே. இப்பவே வாசிக்கிறேன்.”

உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தாளின்மேல் இருந்த குளிர் அவள் விரலை உரசி விலகியது. முதல்முதலாக விட்ட பக்கத்திலிருந்து தொடங்கினாள். மதகுகளின் பெயர்கள், வெள்ளத்தில் போன ஊர்களின் பெயர்கள், ஒன்றுவிடாமல். அழுகையில் குரல் உடைந்தபோதெல்லாம் எதிரில் இருந்தது பொறுமையாகக் காத்திருந்தது. அவள் இருமினால் நாற்காலி அசையும். வாசித்தால் அடங்கும்.

வெளிச்சம் மங்குகையில் நிமிர்ந்தாள். நாற்காலி உலர்ந்திருந்தது.

மறுநாள் பரணிதரனை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பக்கம் விட்டது, டீ குடிக்கப் போனது, பொன்னாடை வாங்கிக்கொண்டது. அவன் குச்சியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“உயிரோட இருக்குறவங்க வாசிக்கும்போது எங்கயாவது மூச்சு வாங்குவாங்க. அவங்க வாங்கவே இல்ல. ரெண்டாவது தடவ கேக்கும்போதே தெரிஞ்சுடுச்சு.”

“அப்ப ஏன்டா எங்கிட்ட கேக்கல?”

அவன் தலை குனிந்தான். “கேட்டா நீங்க கோவிச்சுக்கிட்டு நிறுத்திடுவீங்க. அவங்களும் போயிடுவாங்க. வேற யாரு மேடம் எங்களுக்கு வாசிப்பா?”



அதன்பின் அவள் எதையும் விடவில்லை. கொடுத்த புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கி, அட்டையிலிருந்து அட்டைவரை வாசித்தாள். செய்தித்தாளில் வந்த தன் படத்தை அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்தாள். துணைவேந்தரிடம் உண்மையைப் பாதியாவது சொன்னாள். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு சிரித்தது அவளை இன்னும் கூச வைத்தது. அறையில் வேறு குரல் எதுவும் கேட்கவில்லை. மதிவதனி போய்விட்டாள் என்றே வானதி நம்பினாள்.

சித்திரையில் தேர்வு வந்தது. அன்று வானதி விடுப்பில் திருப்பனந்தாளில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மதியம் போன் அடித்தது. பரணிதரன்.

“மேடம், பரீட்ச நல்லா எழுதிட்டேன். எனக்காக எழுத வந்த பொண்ணு அவசரத்துல ஒரு பெரிய கேள்விய வாசிக்காமலே விட்டுட்டா. நல்லவேள, பின்னாடியிருந்து நீங்க வாசிச்சீங்க. அந்தப் பொண்ணு யாரையும் காணோம்கறா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?”

நான் அங்கே வரவே இல்லையடா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்குக் குரல் இல்லை. சூடு பிடித்திருக்கும் என்று அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருந்தாள்.

“பேசாதீங்க மேடம், தொண்டைக்கு ஓய்வு குடுங்க,” என்றான் பரணிதரன். “இப்பவும் பக்கத்து ஹால்ல யாருக்கோ மூச்சே வாங்காம வாசிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க. இங்கேருந்தே கேக்குது.”