வி இருக்கும் இரண்டெழுத்துச் சொல்

அக்காவின் பக்கம் எழுத்துக்கட்டைகள் இடம் மாறியிருந்தன.

ஆற்றுவழி புருட்டு ஊருக்குப் படகேறிய அன்று ஓனோமே அவசரத்தில் போட்டுவிட்டுப் போனபடியேதான் அவை இத்தனை நாளும் தாறுமாறாகக் கிடந்தன. இப்போது ஆங்கில உயிரெழுத்துகள் இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம், நடுவில் விரல் நுழையும் இடைவெளி. ஓனோமே அடுக்குவது அப்படித்தான். வாரி நகரில் ஸ்கிராபிள் சொல்லாட்டம் ஆடுகிற எல்லோருக்கும் அது தெரியும்.

தங்கை கெவ்வே கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடிதான் இருந்தது.

படகு கவிழ்ந்ததில் மற்றவர்களெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் கரைக்கு வந்துவிட்டார்கள், உயிரோடோ உடலாகவோ. ஓனோமே மட்டும் வரவில்லை. பாதியில் நின்ற அந்த ஆட்டத்தைக் கெவ்வே யாரையும் தொடவிடவில்லை. பாலையிலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று சந்து பொந்தெல்லாம் நுழைந்து நாற்காலிகள் மீதும் திரைச்சீலை மீதும் ஆட்டப்பலகை மீதும் வெளிறிய புழுதியை மாவு சலித்ததுபோலப் படியவிட்டிருந்தது. வெளியே சாயங்கால வெயில் மங்கிக்கொண்டிருக்க, மின்சாரம் போய், தெருவின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. ஆனால் எதிர்ப்பக்கக் கட்டைகளில் மட்டும் புழுதி இல்லை. தொட்டாள். ஈரம். விரலை மோந்தாள். ஆற்றுச் சேறு.

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது.

"அக்கா?"

யாரோ சன்னல் கம்பியைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தேகாம்மா, கையில் மூடிய பாத்திரத்துடன் நின்றாள்.

"பங்கா சூப் வச்சேன், இந்தா. சாப்பிடாமக் கிடந்து ஓணான் மாதிரி ஆயிட்டே. ஏன்டீ, இந்தக் காத்துல தலைய நனச்சுட்டுத் துவட்டாம நிக்கிறியே, சளி பிடிக்காதா?"

"நான் குளிக்கலயே."

"இப்பத்தான பாத்தேன், முதுகக் காட்டிட்டு நின்னே. தரையெல்லாம் சொட்டிட்டு இருந்துச்சு." அவள் கெவ்வேயின் தலைத்துணியைப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாத்திரத்தைச் சன்னல் திண்டில் வைத்தாள். "வா, இன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல படு."

"அக்கா வந்திருக்கா. நான் எப்படி வருவேன்?"

தேகாம்மா வாய்க்குள் ஏதோ ஜெபம் முணுமுணுத்தபடி வேகமாகப் போய்விட்டாள்.

கெவ்வே திரும்பியபோது எதிர் நாற்காலி சற்றே பின்னுக்கு நகர்ந்திருந்தது. ஒருவர் உட்கார வேண்டிய அளவு.

அவளும் உட்கார்ந்தாள்.

சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் எழுத்துச் சொல்லி மடக்குவார்கள். க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது, சொல்லு. இசட்டும் எக்ஸும் ஒண்ணா வர்ற சொல்லு, சொல்லு. கெவ்வே சின்னவளாக இருந்தபோது ஓனோமே அவளை ஒரு நாள் முழுக்க அலையவிட்ட கேள்வி ஒன்று உண்டு: வி இருக்கிற ரெண்டெழுத்துச் சொல்லு. சாயங்காலம் அழுதுகொண்டே வந்து நின்றவளிடம், "அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுடி மண்டு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா," என்றாள் கெவ்வே. "வி இருக்கிற ரெண்டெழுத்துச் சொல்லு."

ஜெனரேட்டர்களின் உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. சொட்டு. இன்னொரு சொட்டு. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தபோது பலகையில் இரண்டு புதிய கட்டைகள் ஈரமாக இருந்தன. ஒரு வி. பக்கத்தில் ஒரு ஐ.

அது சொல்லே அல்ல. அதை ஓனோமே வைக்கமாட்டாள். உறக்கத்தில் கேட்டாலும் வைக்கமாட்டாள்.

கெவ்வேக்கு அது தெரிந்தது. ஆனாலும் மனம் விடவில்லை. இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தவளுக்கு ஞாபகம் எப்படி இருக்கும்? மறந்திருப்பாள். பாவம், மறந்திருப்பாள். அக்கா முழுசாக வர முடியாமல் தவிக்கிறாள், கூப்பிட வேண்டியது நான்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? கையிலிருந்த கட்டைகளைப் பைத்தியம்போல மாற்றி மாற்றி அடுக்கினாள். சி இருந்தது. எம் இருந்தது. ஈ இருந்தது. ஓ இல்லை. பலகையில் தேடினாள். அக்கா கடைசியாக வைத்துவிட்டுப் போன சொல்லின் நடுவில் ஒரு ஓ இருந்தது.

அதன் இரு பக்கமும் தன் கட்டைகளை வைத்தாள்.

கம். வா.

சொட்டும் சத்தம் நின்றது.

கைபேசி அலறியது. ஆற்றோரம் தேடிக்கொண்டிருக்கும் புரூமே சித்தப்பா.

"கெவ்வே, உக்காந்திருக்கியாம்மா?"

"சித்தப்பா, அக்கா வந்துட்டா."

மறுமுனையில் காற்று இரைந்தது.

"மனசத் திடப்படுத்திக்கோ தங்கம். ஓனோமே கிடைச்சுட்டா. அலையாத்தி வேருக்குள்ள மாட்டிக் கிடந்திருக்கா. அவ காப்பு, அவ பச்சைச் சட்டை. இதோ, என் முன்னாலதான் படுத்திருக்கா. நான்தான் துணியப் போத்திவிட்டேன்."

கெவ்வே எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

இருட்டு அங்கே மட்டும் கூடுதலாக இருந்தது. நனைந்த தலை. குனிந்த தலை. மேசைமேல் ஒரு கை, விரல்களுக்கு இன்னும் நகம் முளைக்கவில்லை. அந்தக் கை நிதானமாக இரண்டு கட்டைகளை எடுத்து, அவள் வைத்த சொல்லுக்கு முன்னால் ஒட்டி வைத்தது. பி. ஈ.

பிகம்.

வா என்றது ஆகு என்று ஆயிற்று.

தலை நிமிர்ந்தது. அக்காவின் முகம் இல்லை. எந்த முகமும் இல்லை. பிசைந்த மாவு. பிறகு மெல்ல, ஒரு மூக்கு. ஒரு தாடை. கெவ்வே தினமும் கண்ணாடியில் பார்க்கும் தாடை.

கைபேசி மேசையில் விழுந்தது.

"கெவ்வே? லைன்ல இருக்கியா? பேசு, தங்கம்."

கெவ்வே வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் வந்தது. சேற்று மணத்தோடு, உதடு வழிந்து, மார்பு நனைந்து, நிற்காமல்.

எதிரே இருந்தது கைபேசியை நோக்கிக் குனிந்தது.

"பேசறேன் சித்தப்பா," என்றது, அவள் குரலில்.

"ஆங், இப்பத்தான் தெளிவாக் கேக்குது," என்றார் அவர்.