ஆறாத துளை

உறையைக் கவிழ்த்ததும் விழுந்த மஞ்சள் பிளாஸ்டிக் இழை, மேசையில் பாதி எழுதிக் கிடந்த வாராந்திர மீன்பிடி அறிக்கையின் மேல் வந்து நின்றது. விரல் நீளம். நுனியில் ஒரு கொக்கி. உடம்பில் பொடி எழுத்தில் 2201 என்ற எண். இப்படி ஓர் இழையை மீனின் முதுகில் ஊசியால் குத்திக் கடலில் விடுவார்கள். எங்காவது யாராவது அந்த மீனைப் பிடித்தால், இழையை வெட்டி, இடத்தை எழுதி இந்த அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். பதினோரு வருடமாக அவற்றைப் பிரித்துப் பதிவதும் வாரம்தோறும் அறிக்கை எழுதுவதும் அவள் வேலை. ஆனால் இந்த எண் வந்திருக்கக் கூடாது.

2201 முதல் நூறு இழைகள் கொண்ட கட்டு அவள் கணவனின் இடுப்புப் பையில் இருந்தது. வசந்தத்தில், மீன் கிடக்கும் இடம் போய்ச் சேரும் முன்பே ஆய்வுப் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திப் பிழைத்தார்கள். அவனும் பையும் கிடைக்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதமாகவே வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் அரசல்புரசலாகப் பேசியதும் உறைக்கவில்லை. யாரோ பையைக் கண்டெடுத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினாள். மீன், கொடுவா. இடம், இருபது மைல் வெளியே மணல்திட்டு.

அடுத்த வாரம் 2202 வந்தது, கலங்கரை விளக்கப் பாறையிலிருந்து. அதற்கடுத்த வாரம் 2203, துறைமுக வாயிலிலிருந்து. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இலையுதிர் காலத்தில் மீன் கரைக்கு வரும். ஒவ்வொரு வருடமும் அவளே எழுதுவதுதான். இந்த முறையும் எழுதினாள்: நீர் பதினாறு டிகிரி. வடகாற்று. மடவைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கொடுவா கரையை நெருங்குகிறது.

நான்காவது இழையை, வெட்டாமல் மீனோடு கொண்டுவந்தார் வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அலைத்தடுப்புச் சுவரிலேயே குடியிருக்கும் தூண்டில்காரர். செய்தித்தாளை விரித்து மீனைக் கிடத்தினார்.

"புண்ணு ஆறவே இல்ல பாரும்மா. இன்னிக்குக் காலைல குத்தின மாதிரி இருக்கு."

பார்த்தாள். தண்ணீர் இழுக்காமல் இருக்க, இழை வால்பக்கம் சாய்ந்திருக்கும்படிதான் எல்லாரும் குத்துவார்கள். அவள் கணவன் இடதுகைக்காரன். எப்போதும் தலைப்பக்கம் சாய்த்துவிடுவான். மேலதிகாரி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். விருந்தாளியை வழியனுப்புவதுபோல ஒவ்வொரு மீனிடமும் "போயிட்டு வா" என்று சொல்லி வேறு விடுவான். செய்தித்தாளில் கிடந்த மீனின் இழை தலைப்பக்கம் சாய்ந்திருந்தது.

"யாரும்மா இப்படிக் குத்துறது?"

"புதுசா வந்த ஆளு," என்றாள்.

அவளுக்குப் பயம் வந்தது. வந்தது தெரிந்தது, அவ்வளவுதான், பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதுபோல. அவன் இருக்கிறானா இல்லையா என்பதெல்லாம் இனி வேண்டாம். ஒன்பது வயது மகளை இந்தத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து கொண்டுபோய்விட வேண்டும். வசந்தத்திலிருந்தே அவளைக் கரைக்கு விடவில்லை. கடலே இல்லாத ஊரின் நீர்த்தேக்க அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டாள், உடனே கிடைத்தது. சனிக்கிழமை லாரி வரும்.

மூட்டை கட்ட உதவிக்கு வந்த அக்கா இன்றைக்கே கிளம்பு என்றாள். கடைசி அறிக்கை பாக்கி இருக்கிறது என்று இவள் சொன்னதும், "வேலையாம் வேலை, அதையே கட்டிக்கிட்டு அழு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறிக்கைக்காகத் தினமும் மாலை அலுவலகத்துக்குப் பின்னால் படகுத்துறைப் படியில் முழங்கால் ஆழத்தில் நின்று, மூன்று நிமிடம் வெப்பமானியை முக்கி எடுத்து எழுத வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு மாலைகூடக் கட்டம் காலியாக விட்டதில்லை.

புதன்கிழமை காய்ச்சலில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கடைக்குப் போயிருந்தாள். கட்டம் காலியாகிவிடும். "படியிலயே நின்னு முக்கிட்டு ஓடி வந்துடணும், என்ன?" என்று மகளை அனுப்பினாள். மகள் கால் நனைந்து வந்து, குண்டுகுண்டான எழுத்தில் பதினான்கு என்று எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வாத்தியார் 2205ஐக் கொண்டுவந்தார். படகுத்துறைப் படியிலேயே சிக்கியதாம்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி முறையாக அவளே இறங்கினாள். காற்று செத்துக் கிடந்தது, பாசியும் டீசலும் கலந்த வாடை மூக்கில் அப்பியது, படிக்குக் கீழே எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும் மடவைக் குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி அசையாமல் நின்றன, தூண்களுக்கு நடுவே தண்ணீர் மட்டும் யாரோ மூச்சு விடுவதுபோல ஏறி ஏறி இறங்கியது. முதல் நிமிடத்திலேயே கால்கள் மரத்துப்போயின. எதுவோ உரசியது. பாசியாக இருக்கும். எண்ணி முடித்தாள். எழுதினாள். வீட்டுக்கு வந்தாள்.

அக்கா பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"கால்ல என்னடி ஒட்டியிருக்கு?"

கெண்டைக்காலின் பின்பக்கம். மஞ்சள். பிடித்து இழுத்தாள். சதையும் கூடவே எழும்பியது. ரத்தம் இல்லை. வலி இல்லை. குனிந்து படித்தாள்.

2207.

நேற்று 2205.

அவன் வரிசை மாற்றிக் குத்தியதே இல்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. மகள் துண்டோடு வந்து, வழக்கம்போல முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"தலை துவட்டி விடும்மா."

ஈரக் கூந்தலை மெல்ல ஒதுக்கினாள். பிடரியில் மஞ்சள் இழை. மேல்நோக்கி, தலைப்பக்கம் சாய்ந்து. அதன் அடியில் இருந்த துளை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.